பத்து தடவை ஊதணும்

"மறுபடியும் ஏறித்தான் கிடக்கு. அந்த மூலிகைக் கடைக்காரி உங்களை நல்லா ஏமாத்திட்டா, பெரியவரே."

லேப் அம்மா மெஷினில் வந்த எண்ணைக் காட்டினாள். ஒரு காலத்தில் லிஃப்ட் ஓட்டிய அந்த மனிதர், ஊதின குழாயைத் துடைத்தார்.

சிறுகுடலில் கிருமி பெருகி வயிறு உப்பிக்கொள்கிற வியாதி அவருக்கு. ஆன்டிபயாட்டிக் இரண்டே நாளில் ஒத்துக்கொள்ளாமல் போனது. சரி, மூலிகை மாத்திரை சாப்பிட்டுப் பாருங்கள் என்று டாக்டரே விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் இது மூன்றாவது பரிசோதனை. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு, மூச்சில் வருகிற வாயுவை அளக்க இருபது நிமிடத்துக்கு ஒருதரம் ஊத வேண்டும். மூன்று மணி நேரம், மொத்தம் பத்து தடவை.

"நேத்து பருப்பு, பயறு ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"வெறும் சோறும் முட்டையும்தாம்மா. நீங்க எழுதிக் குடுத்தபடி."

"அப்ப அந்த மாத்திரை சுத்த தண்டம். டாக்டர் மறுபடி ஆன்டிபயாட்டிக்தான் எழுதப்போறார்."

"எழுதட்டும்மா."

"என்ன எழுதட்டும்? மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கினது மறந்துபோச்சா?"

"அடுத்து எப்பம்மா கூப்பிடுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோப்பில் மூலிகைக் கடையின் நம்பர் இருந்தது. உள்ளே போய்ப் போன் போட்டாள்.

"ஏம்மா, வயசான மனுஷன் வயித்துல விளையாடறீங்களா?"

"யாரு, லிஃப்ட்காரரா?" என்றாள் கடைக்காரி. "அவர் மாத்திரையை முடிச்சே ரெண்டு மாசமாச்சே. வயிறு வத்திப்போச்சு, பெல்ட்ல புதுசா ஓட்டை போட்டிருக்கேன்னு காட்டிட்டுப் போனார். எதுக்கும் ஒருதரம் ஊதிப் பார்த்துடுங்கன்னு நான்தான் அனுப்பினேன்."

"ஒருதரமா?"

"ஒரே தரம்."

லேப் அம்மா திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நிஜத்தைச் சொல்லுங்க. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

அவர் செருப்பைப் பார்த்தார். "கொண்டைக்கடலை."

"எவ்வளவு?"

"ரெண்டு கிண்ணம்."

"போன தடவை?"

"பட்டாணிம்மா."

"அதைத் தின்னா நம்பர் தப்பா வரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சொன்னீங்க. அதனாலதான் தின்னேன்."

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாப்பது வருஷம் லிஃப்டுல நின்னேம்மா. எத்தனாவது மாடின்னு சொல்றதுக்காவது ஆள் என் மூஞ்சியப் பார்க்கும். இப்ப வீட்ல ரேடியோ பேசுது, அதுவும் என்கிட்ட இல்ல. இங்க வந்தா பத்து தடவை 'வாங்க பெரியவரே'ன்னு கூப்பிடறீங்க. நல்லாயிடுச்சுன்னு எழுதிட்டீங்கன்னா அப்புறம் நான் எங்க போறது?"

அவள் பேனாவை எடுத்தாள். தாளில் அந்த எண்ணை அடித்துவிட்டு, 'பத்தியம் இருக்கவில்லை, கணக்கில் கொள்ள வேண்டாம்' என்று எழுதினாள்.

"அடுத்த புதன்கிழமை கடைசியா ஒருதரம் ஊதணும். பட்டாணி, கடலை எதையும் தொடாம வரணும்."

"அதுக்கப்புறம்?"

"எல்லாப் புதன்கிழமையும் பதினோரு மணிக்கு வாங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமலே. "அப்பதான் நான் டீ குடிப்பேன், இத்தனை வருஷமா இந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு."