நியூ ஃபோல்டர் ஏழு

“எது முதல்ல வேணும்னு இப்பவே சொல்லிடுங்கக்கா. இது எப்ப நிக்கும்னு எனக்கே தெரியாது.”

மெக்கானிக் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னான். மேசைமேல் அந்த ஹார்ட் டிரைவ் லேசாக முனகிக்கொண்டிருந்தது.

கடைக்கு வந்த அன்று அது முனகக்கூட இல்லை. நாக்கைச் சொடுக்குவதுபோல டக், டக் என்றது. உள்ளே தட்டின்மேல் மிதந்து படிக்கிற ஹெட் போய்விட்டிருந்தது.

அதே மாடலில் இன்னொரு பழைய டிரைவைத் தேடிப் பிடிக்கப் பதினொரு நாள். அதன் ஹெட்டைக் கழற்றி இதில் பொருத்த ஒரு முழுப் பகல்.

என்ன இருந்தாலும் இரவல் ஹெட். ஒரு மணி நேரம் ஓடினாலும் ஓடும், ஐந்து நிமிடத்தில் கையை விரித்தாலும் விரிக்கும்.

அந்த அக்கா யோசிக்கவே இல்லை.

“நியூ ஃபோல்டர் ஏழு.”

கல்யாண வீடியோ, பையன் நடக்கப் பழகியது, வீட்டுப் பத்திரம் எல்லாம் வேறு வேறு ஃபோல்டர்களில் இருந்தன. ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்டான். எதற்கும் அவள் அசையவில்லை.

“கல்யாண வீடியோ போனா போகட்டும் தம்பி. ஆளுங்க ரெண்டு பேரும் இங்கதானே இருக்கோம்.”

இன்னொரு ஆள், அவள் கணவர், சட்டைக் காலர்வரை பட்டன் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

முதல் நாளும் அப்படித்தான். டிரைவை ஃபிரீசரில் வைத்தது யார் என்று மெக்கானிக் கேட்டபோது மட்டும் ஆள்காட்டி விரலை நீட்டி மனைவியைக் காட்டிக்கொடுத்தார். அப்படி வைத்தால் சரியாகிவிடும் என்று இன்டர்நெட்டில் போட்டிருந்ததாம். பட்டாணி பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது.

சரியான உம்மணாமூஞ்சி என்று அன்றே முடிவு கட்டிவிட்டான் மெக்கானிக்.

ஃபோல்டருக்குள் அறுநூற்றுப் பதினொரு ஆடியோ ஃபைல்கள் இருந்தன.

“பாட்டாக்கா?”

“பேச்சு.”

“மறுபடி ரெக்கார்ட் பண்ணிக்க முடியாதா?”

“இனிமே முடியாது தம்பி. முதல்ல எடுங்க, அப்புறம் சொல்றேன்.”

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. இந்தக் கடைக்கு வருகிற டிரைவ்களில் பாதி, இல்லாமல் போனவர்களுடையவை. எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

ஃபைல்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க ஒன்றை ஓடவிட்டான்.

“டீ ஆறிப்போச்சு,” என்றது கனத்த ஆண் குரல்.

இன்னொன்றை ஓடவிட்டான். “கதவைத் தாழ் போட்டியா?”

மூன்றாவது, “நான் ஒண்ணும் சொல்லலப்பா.”

எல்லாமே பள்ளிப் பாடம் ஒப்பிப்பதுபோல, சொல் சொல்லாக, நிதானமாக. இதையெல்லாமா ஒரு மனுஷன் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணி வைப்பான்?

அக்காவின் உதடுகள் அந்தக் குரலோடு சேர்ந்து அசைந்தன. உம்மணாமூஞ்சியோ எழுந்துபோய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

மாமனார் குரல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் மெக்கானிக். இருந்த காலத்தில் மருமகனை என்ன பாடு படுத்தினாரோ.

முந்நூற்று நாற்பதில் டிரைவ் கரகரத்தது.

சட்டென்று நிறுத்தினான். சின்ன மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்தான். பத்து நிமிடம் ஆறவிட்டான். அக்கா தன் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கடைசி ஃபைலிலிருந்து பின்னோக்கி ஆரம்பித்தான். முன்வாசல் அடைத்துக்கொண்டால் கொல்லைப்புறமாக நுழைவதுதான் வழி. அறுநூற்றுப் பதினொன்று வந்தது. அறுநூற்றுப் பத்து வந்தது.

திரையில் மொத்தக் கணக்கு ஐந்நூறைத் தாண்டியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்னும் கொஞ்சம் வந்தது. அப்புறம், டக். டக், டக்.

பவரைப் பிடுங்கினான்.

“ஐநூத்தி எண்பத்தெட்டுக்கா. இனிமே இதுலேருந்து எதுவும் வராது.”

“ஐநூறு இருந்தா போதும்னு சொல்லியிருக்காங்க தம்பி.” புறங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். “போதும்.”

“மிக்க நன்றி, தம்பி,” என்றது ஒரு இளம்பெண்ணின் குரல். செய்தி வாசிப்பதுபோலத் தெளிவான, சிரிப்பில்லாத குரல்.

மெக்கானிக் வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை.

ஜன்னலோரம் நின்ற அவர், போனை அவன் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார்.

“தொண்டையில ஆபரேஷன்,” என்றாள் அக்கா. “ரெண்டு மாசமா எங்க வீட்டுல இவருக்குப் பதிலா இந்தப் பொண்ணுதான் பேசறா. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் உக்காந்து அத்தனையும் படிச்சு வச்சாரு. இதை ஒரு கம்பெனிக்கு அனுப்பிச்சா, இவரு போன்ல டைப் பண்றதை இவரு குரல்லயே பேசற மாதிரி பண்ணித் தருவாங்களாம். அனுப்பலாம்னு எடுத்தப்ப நான்தான் டிரைவைக் கீழ போட்டுட்டேன்.”

மெக்கானிக் அவரைப் பார்த்தான். டீ ஆறிப்போனதைச் சொன்ன மனுஷர்.

“இனிமே என்ன. அடுத்த மாசம் இவளை வீட்டை விட்டு அனுப்பிடலாம்,” என்று எழுந்தாள் அக்கா.

அவர் போனில் ஒற்றை விரலால், நிதானமாக எதையோ தட்டினார்.

“நான் என்ன தப்பு செய்தேன், அக்கா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.