தோசைக்கல்லுக்கு வைத்த குறி

இந்தக் காலத்தில் எவனும் சொந்தக் கண்ணால் சுடுவதில்லை, துப்பாக்கிக்கும் கண்ணாடி மாட்டிவிடுகிறான் என்று முனகிக்கொண்டே உத்தண்டி தன் பழைய வேட்டைத் துப்பாக்கியோடு பாறைமேல் படுத்தார். புரை எடுத்த கண் சரியில்லையென்றால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வம்படியாக ஆபரேஷனுக்கு இழுத்துப்போன மருமகள் வடிவு, எதிர்மலையில் தோசைக்கல்லுக்குச் சுண்ணாம்படித்துக் கட்டியிருந்தாள். சுட்டார். ஒன்றும் கேட்கவில்லை. "போச்சு, டாக்டர் ஏமாத்திட்டான்" என்று தலையைத் தூக்கும்போதுதான் அங்கிருந்து 'டங்' என்று சாவகாசமாக வந்தது.

"கேட்டுச்சா மாமா?"

"காத்துல ஆடி இடிச்சிருக்கும்."

அவள் போய்க் கல்லைச் சுமந்து வந்து, நடுவிலிருந்த பள்ளத்தைக் காட்டினாள்.

"தோசை சுட்டுச் சுட்டு விழுந்த பள்ளம்."

"பள்ளத்துலயா இத்தனை நாள் ஊத்தினேன்?"

அவர் கல்லை வாங்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "நான் நம்ப மாட்டேன். நாளைக்குச் சந்தையில உனக்குப் புதுக் கல்லு எடுக்கணும்" என்றபடி முன்னால் நடந்தார்.