விளம்பரம் முடிவதற்குள்

"விளம்பரத்தைத் தள்ளி விடுங்கப்பா. இதுக்குத்தானே இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தேன்?" என்றாள் கெயில்.

அப்பா டுவெயின் ரிமோட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரையில் யாரோ ஒருவன் புல்வெட்டும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை வந்த துப்பறியும் தொடர் அது. பதிவு செய்து வைத்து, ஞாயிறு மதியம் சர்ச்சிலிருந்து வந்து, சாப்பிட்டு முடித்ததும் பார்ப்பார்கள். விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் கிறிஸ்துமஸுக்கு அந்தப் பதிவுப் பெட்டியை கெயில் பரிசாகக் கொடுத்திருந்தாள். மனிதர் ஒரு விளம்பரத்தைக்கூடத் தாண்டுவதில்லை.

கெயிலுக்கு உடம்பெல்லாம் வலித்தது. ஆறு நாள் மருத்துவமனை வரவேற்பறையில் வேலைக்கு நின்ற கால்கள். ஏழாம் நாள் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி டொலிடோவில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு வந்தாயிற்று. துவைக்கப் போட்ட துணி பாக்கி இருந்தது. திரும்பவும் அதே இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். இதற்கு நடுவில் புல்வெட்டி விளம்பரத்தை வேறு பார்க்க வேண்டுமா?

அம்மா லொரெட்டா குளியலறைக்குப் போக நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். பிப்ரவரியில் அங்கே விழுந்ததிலிருந்து அவளுக்கு அந்த நடைவண்டிதான் கால்.

கெயில் அப்பாவின் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி நாலு அழுத்து அழுத்தினாள். விளம்பரங்கள் பறந்தன. தொடர் ஆரம்பித்துவிட்டது.

அம்மா நின்றாள். திரையைப் பார்த்தாள். "பரவாயில்ல, நான் அப்புறம் போய்க்கறேன்" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"கொடு அதை" என்றார் அப்பா. அவர் அந்தக் குரலில் பேசி கெயில் கேட்டதே இல்லை. ரிமோட்டைக் கொடுத்துவிட்டாள். எழுபத்தாறு வயதில் இப்படி ஒரு பிடிவாதம் என்று உள்ளுக்குள் எரிந்தது.

அடுத்த இடைவேளை வந்தது. அம்மா எழுந்து, ஒவ்வொரு அடியாக வைத்து, நடைவழியில் திரும்பி மறைந்தாள். அப்பா தலையைத் திருப்பவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போனால்தான் என்ன, டி.வி.தான் பெரிதாகப் போய்விட்டதா என்று கெயிலுக்கு வந்தது. அவள் கைப்பையில் ஒரு முதியோர் இல்லத்தின் விவரப் புத்தகம் இருந்தது. மூன்று வாரமாக அதைச் சுமந்துகொண்டு வருகிறாள். இன்று எடுத்து மேசையில் போட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

கார் விளம்பரம், காப்பீட்டு விளம்பரம், பாட்டோடு ஒரு பற்பசை விளம்பரம். எல்லாம் முடிந்து துப்பறிகிறவர் திரையில் வந்தார்.

அப்பா ரிமோட்டை அழுத்தினார். படம் பின்னால் ஓடியது. மறுபடியும் அதே கார் விளம்பரம்.

"என்னப்பா பண்றீங்க?"

"சத்தம் போடாதே."

பற்பசைப் பாட்டு இரண்டாம் முறை முடிந்தது. அம்மா வரவில்லை. அப்பா திரும்பவும் பின்னால் ஓட்டினார்.

பிறகு, நடைவழியைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னார். டாக்டர் முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேசிய அன்றைக்கே லொரெட்டா ஒரு ஒப்பந்தம் போட்டுவிட்டாளாம். இடைவேளையில் போகும்போது மட்டும் யாரும் கை கொடுக்கக் கூடாது, யாரும் தனக்காகப் படத்தை நிறுத்தி வைத்துக் காத்திருக்கக் கூடாது. விளம்பரம் முடிவதற்குள் தனியாகப் போய்த் திரும்ப முடிகிறவரை இந்த வீடு. முடியாத அன்றைக்கு இல்லம்.

"ஏப்ரல்ல ஒரு இடைவேளை போதுமா இருந்துது. இப்போ மூணு வேண்டியிருக்கு" என்றார்.

கெயில் கைப்பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். வெட்கமாக இருந்தது.

மூன்றாம் முறையாகப் பற்பசைப் பாட்டு ஓடும்போது நடைவண்டி எட்டிப் பார்த்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் முடியலையா? சீக்கிரமாவே வந்துட்டேன் போலிருக்கே."

"நிறைய நேரம் இருக்கு, லொரெட்டா. மெதுவா உட்காரு" என்றார் அப்பா.

தொடர் முடிவதற்கு முன்பே அவர் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, கோட்டு மாட்டி, காரில் ஏற்றி இறக்கிய களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கட்டைவிரல் மட்டும் ரிமோட்டை விடவில்லை.

கெயில் துணிகளை மடித்து வைத்துவிட்டு வந்து, விடைபெறுவதற்காகக் குனிந்து அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மூணு தடவைதானே?"

"எதும்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதே. அந்தப் பல் தேய்க்கிற பாட்டு குளியலறை வரைக்கும் கேக்குது. காது இன்னும் நல்லாத்தான் இருக்கு."

கெயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சுமா சும்மா இருக்க?"

அம்மா தூங்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கு எப்பவோ முடியாமப் போச்சு, கெயில். நான் பாக்கறது என் காலை இல்ல. உங்கப்பா அலுத்துப்போய் எந்த ஞாயித்துக்கிழமை பாட்டைத் திருப்பிப் போடாம விடறாரோ, அன்னிக்கு இல்லத்துக்குக் கிளம்பிடுவேன். துணிப்பெட்டிகூட அடுக்கிக் கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன். அவர்கிட்ட சொல்லிடாதே."