உடைந்துபோன புட்டிங்

"இந்தத் தடவை கேரமல் புட்டிங்கை நான் செய்றேன்க்கா. நீங்க செஞ்சா உடைஞ்சுபோய், கப்புல அள்ளிப் போட்டுத்தானே தர வேண்டியிருக்கு!" என்றாள் புதிதாக வந்த இளைய மருமகள்.

மூத்தவள் சிரித்துக்கொண்டே ஒதுங்கிக்கொண்டாள்.

மாமனாரின் பிறந்தநாள். ஹால் முழுக்க உறவுக்காரர்கள். இளையவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு புட்டிங்கைத் தட்டில் கவிழ்த்தாள். ஒரு விரிசல்கூட இல்லை. மேலே கேரமல் பளபளவென்று வழிந்தது.

"அடேயப்பா! முதல் துண்டு அப்பாவுக்கு," என்றாள் நாத்தனார்.

"எனக்கு வேணாம்மா. வயிறு ஒரு மாதிரியா இருக்கு," என்றார் மாமனார்.

இளையவளின் முகம் வாடிவிட்டது.

"குடு, உள்ளே போய் வெட்டி எடுத்துட்டு வர்றேன்," என்று மூத்தவள் தட்டை வாங்கிப் போனாள்.

பின்னாலேயே போன இளையவள் அதிர்ந்து நின்றாள். கரண்டியால் புட்டிங்கைக் குத்திக் குழப்பிக்கொண்டிருந்தாள் மூத்தவள்!

"என்னக்கா இது? என்னை நாலு பேர் பாராட்டினா உங்களுக்குப் பொறுக்காதா?"

மூத்தவள் எல்லாவற்றையும் கப்புகளில் அள்ளிப் போட்டு ஹாலுக்குக் கொண்டுபோனாள்.

"கை தவறி உடைச்சிட்டேன்."

"அதானே! உன் கை பட்டா எதுதான் உருப்படும்?" என்று நாத்தனார் கேலி செய்ய, ஹாலே சிரித்தது.

இளையவள் சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமனார் காலிக் கப்போடு வந்தார்.

"அருமையா இருந்துதும்மா. இன்னும் கொஞ்சம் இருக்கா?"

"உங்களுக்கு வயிறு சரியில்லைன்னீங்களே, மாமா?"

மாமனார் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

"கொஞ்ச நாளா இப்படி. தட்டுல குடுத்தா, ஸ்பூன்ல எடுத்து வாய்க்குக் கொண்டுபோறதுக்குள்ள சட்டையில விழுந்துடும். கப்புன்னா ரெண்டு கையாலயும் பிடிச்சு உறிஞ்சிடலாம். எனக்கு மட்டும் கப்புல குடுத்தா நாலு பேர் ஏன்னு கேப்பாங்க. அதான் பெரியவ எல்லாருக்குமே உடைச்சிடறா. பாவம், எனக்காகப் பேச்சு வாங்குறா. அவ மேல கோவிச்சுக்காதேம்மா."

இளையவள் கப்பை நிரப்பி அவர் கையில் கொடுத்துவிட்டு ஹாலுக்கு விரைந்தாள். கேலி அங்கே இன்னும் ஓயவில்லை.

மூத்தவளின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்:

"அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் சரியா வேகவிடாம இறக்கிட்டேன்."