குருவியின் டப்பா

கீழுதடு குறுகுறுக்கத் தொடங்கியதும் அவள் கிளாரினெட்டை மடியில் இறக்கிவிட்டு எதிர் நாற்காலியைப் பார்த்தாள். அங்கே குருவி சாவகாசமாக உட்கார்ந்து, டப்பாவிலிருந்த ஆப்பிள் துண்டுகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

குருவி கூடப் படித்தவள். எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதால் வந்த பெயர். ஆப்பிள் பட்டால் இவளுக்கு உதடு தடித்து, நாக்கு அரித்து, வாயே மரத்துப்போகும் என்பது வெளியாட்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இன்றைக்கு இருப்பதோ ஒரே இடம். வெளிநாட்டு இசைக்குழு ஒன்றில் இரண்டு வருஷம் வாசிக்க ஒரு கிளாரினெட் கலைஞர் வேண்டுமாம். கடைசிச் சுற்றுவரை வந்தது இவர்கள் இருவர் மட்டும்.

நல்லவேளையாகக் கணவர் துணைக்கு வந்திருந்தார். பதற்றத்தில் இவளுக்கு வாய் உலர்ந்துவிடும். ஊதுவாயில் மாட்டும் நாணல் பட்டை காய்ந்திருந்தால் சத்தம் கிறீச்சிடும். அதனால் முக்கியமான நாட்களில் அதைத் தன் நாக்கிலேயே ஊறவைத்து, கடைசி நிமிஷத்தில் மாட்டிக்கொடுப்பது அவர்தான். இன்றும் தெருமுனையில் டீ குடித்துவிட்டு வந்து, மாட்டித் தந்து, முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

"என்ன பண்ணின குருவி?"

"நான் என்ன பண்ணினேன்?"

"என் உதட்டப் பாரு. இன்னிக்குன்னு பார்த்து ஆப்பிளத் தூக்கிட்டு வந்திருக்க. என் கிளாரினெட்டத் தொட்டியா?"

குருவி டப்பாவை மூடினாள். "உன் பெட்டி எப்ப உன் வீட்டுக்காரர் கைய விட்டு இறங்குச்சு? இது வேக வெச்ச ஆப்பிள்டி. பச்சையாத் தின்னாதான் உனக்கு ஆகாது, வெந்துட்டா ஒண்ணும் பண்ணாதுன்னு நீதான சொன்ன? ஒரே ரூம்ல உக்காரணுமேன்னு காலைல வேக வெச்சு எடுத்துட்டு வந்தேன்."

என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் இவள். கல்யாணமான நாளிலிருந்து இவளுக்காக ஆப்பிளையே தொடாத மனுஷன் ஒருவர். ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு, ஒரு வேலைக்காகக் கழுத்தறுக்கிற சிநேகிதி ஒருத்தி.

"சரி, வாயக் கொப்புளிச்சிட்டு வா. முதல்ல என்னைக் கூப்பிடச் சொல்றேன்." குருவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"உன் தண்ணி எனக்கு வேண்டாம்."

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் நின்றபோது உதடு சொன்னபேச்சு கேட்கவில்லை. காற்று வாயோரமாக ஒழுகியது, உச்சத்துக்குப் போன ஸ்வரம் கிறீச்சிட்டது. எத்தனையோ வருஷ உழைப்பு, ஒரு பாட்டைக்கூட முடிக்க முடியவில்லை.

"போதும்மா," என்றார் நடுவர், ரொம்ப மரியாதையாக.

வராந்தாவில் கணவர் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே அழுதாள்.

"எல்லாம் போச்சுங்க. காலைலேர்ந்து பச்சத்தண்ணியத் தவிர எதையும் வாயில வைக்கல. குருவிதான் ஏதோ பண்ணிட்டா. உள்ள வந்து நீங்களும் சொல்லுங்க. அவளுக்கும் இந்த வேலை கிடைக்கக் கூடாது."

அவர் நகரவில்லை. "புகாரெல்லாம் எதுக்கும்மா? விட்டுடு. ரெண்டு வருஷம் வீடு வெறிச்சுனு கிடந்திருக்கும்."

"இப்ப அதுவா பேச்சு? இதப் பாருங்க முதல்ல." அவள் கைக்குட்டையை எடுத்தாள்.

உதட்டைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது.

"ஒரே ஒரு துண்டுதாம்மா தின்னேன். இவ்வளவு வீங்கும்னு நினைக்கல."