வேம்படியில் ஓர் அறை

அடுத்த கிழமை வெளிவரப்போகும் புதுத் துவக்குச் சண்டை கேமை நினைத்து நிரூபனுக்கு ஒரு மாதமாக நித்திரை இல்லை.

"இந்த லப்டொப் அதைத் தாங்குமோ தெரியாது. மிதிவெடிக்குக் கிட்டப் போகேக்க படம் ஒரு செக்கன் இறுகினால் ஆள் முடிஞ்சுது. என்ர பதகளிப்பு உனக்கு எங்க விளங்கப்போகுது!"

வேணுஜா சோற்றுப் பெட்டியை மூடினாள். கட்டின நாளிலிருந்து மனுசன் கதிரையை விட்டு எழும்பி ஒரு வாளி தண்ணி அள்ளியதில்லை. இதுக்குள்ள பதகளிப்பு வேற!

"பழைய கேமில நேற்றும் செத்தனீங்களோ?"

"நாலு தரம். உனக்கென்ன, காலமை போய் மண்ணைக் கிண்டிப்போட்டுப் பின்னேரம் வாறாய். மண்டையைப் பாவிக்கத் தேவையில்லாத வேலை."

அவள் வெளியே கிணற்றைப் பார்த்தாள். லப்டொப் அதுக்குள்ள தாராளமாகப் போகும்.

"சண்டைக்குள்ள விட்டிட்டு வந்த எங்கட வளவுக்குள்ள எப்ப போக விடுவாங்களாம்?" திரையை விட்டுக் கண்ணெடுக்காமலே கேட்டான். "வீடு கட்டேக்க கேமுக்கெண்டு எனக்கு ஒரு அறை வேணும். வேம்படிப் பக்கமா. குளிர்ச்சியா இருக்கும்."

"பாப்பம்."

சிலாவத்துறை றோட்டில் வான் கோன் அடித்தது. முற்றத்தில் இறங்கி, தன்னை ஏற்ற வந்த வானுக்கு நடந்தாள்.

வெயில் ஏறும்போது அவள் தங்கள் வளவின் அந்த வேம்படியில்தான் முழந்தாளில் இருந்தாள். மண்டையோட்டுப் படம் கீறின சிவப்புப் பலகைக்கு உட்பக்கம், கனத்த கவச அங்கியோடு, முகத்தை மூடிய கண்ணாடியோடு. கையிலிருந்த கருவி கீச்சிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலத்தினாள். மிதிவெடியின் பச்சை விளிம்பு தெரிந்தது.

மேற்பார்வையாளரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"இஞ்ச ஒண்டு கிடக்கு, அண்ணை. என்ர மனுசன்ர கேம் அறைக்குள்ள."