அதே நாலு சுரம்

அருள்செல்வனின் ராக் குழு ஏற்காட்டில் எங்கே வாசித்தாலும் போய்விடுவேன். மேடையிலேயே புதிது புதிதாகக் கற்பனை செய்வார்கள். வாசித்ததைத் திரும்ப வாசிக்கவே மாட்டார்கள்.

இன்று படு மோசம். பாதியிலேயே டிரம்மர் இறங்கிப் போனார், பின்னாலேயே பேஸ் கிட்டார்காரரும் போனார். அருள்செல்வன் மட்டும் எலெக்ட்ரிக் கிட்டாரில் அதே நாலு சுரத்தை அரைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் சலித்துக் கலைந்தது.

பொறுக்க முடியாமல் மேடையேறினேன்.

"ஏனுங்ண்ணா, வேற எதாச்சும் வாசிங்க!"

அவர் கண்கள் கலங்கியிருந்தன. விரல்கள் நிற்கவில்லை.

"பாப்பாவக் காணோமுங்க. பனிக்குள்ள காப்பித் தோட்டத்துப் பக்கம் போயிட்டா. நம்ம பசங்க தேடப் போயிருக்காங்க. ஊட்ல அவளக் கூப்புட இதத்தான் வாசிப்பேன். இந்தச் சத்தம் கேட்டா ஓடியாந்துருவாளுங்க..."

கரண்ட் போனது.

அந்த நாலு சுரத்தையும் நான் தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தேன்.